சிகரெட் போனபின்னும் தங்கிவிடும் நிகோட்டின்

புகைப்பதை விட்ட சிலர், அதற்குத் துணையாக மூன்று மாதம் மட்டும் மெல்ல வேண்டிய நிகோட்டின் சூயிங்கத்தை ஆண்டுக்கணக்கில் மென்றுகொண்டிருக்கிறார்கள். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டோமோ என்ற அவர்களுடைய அச்சம் முழுக்கப் பொய்யல்ல. ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ள தீங்குகள் அல்ல.

சிகரெட் புகையோடு நுரையீரலுக்குள் செல்லும் நிகோட்டின் 10 முதல் 20 நொடிகளில் மூளையை எட்டிவிடும். பழக்கத்தை இறுக்குவது அந்த வேகம்தான். சூயிங்கத்தில் நிகோட்டின் ஒரு பிசினோடு பிணைந்திருப்பதால், மெல்ல மெல்லச் சிறிது சிறிதாக விடுபட்டு, கன்னத்தின் உட்புறச் சவ்வு வழியாக இரத்தத்தில் கலந்து உச்சத்தை எட்ட ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். எச்சில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையோடு இருந்தால்தான் சவ்வு அதை நன்றாக உறிஞ்சும். அதற்காகவே கார்பனேட் உப்பும் சேர்க்கிறார்கள். புகையிலை போடுபவர் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு செய்கிற வேலையும் இதுவே. மென்றுகொண்டே காபி குடித்தால் அதன் அமிலம் காரியத்தைக் கெடுக்கும். மிளகைக் கடித்தாற்போல் வாய் சுரீரென்றதும் மெல்வதை நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும்; விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

புற்றுநோயை உண்டாக்கும் தாரும், இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடும் எரியும் புகையிலையிலிருந்து வருபவை. சூயிங்கத்தில் அவை இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைப்பவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த நுரையீரல் நல ஆய்வில், சூயிங்கம் மென்றவர்கள் இதயநோயால் மருத்துவமனையில் சேர்வது அதனால் கூடியதாகத் தெரியவில்லை.

அதற்காக நிகோட்டின் சாதுவான பொருளாகிவிடாது. அது அட்ரினலினைத் தூண்டி இதயத்துடிப்பை விரைவாக்கி, தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நீண்டகாலம் சூயிங்கம் மென்ற நடுவயது ஆண்களை ஸ்வீடனில் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, இன்சுலினுக்கு அவர்கள் உடல் இணங்கும் திறன் குறைந்திருந்ததைக் கண்டது. நிகோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் இரத்தத்தில் கூடக்கூட அந்தக் குறைவும் கூடியிருந்தது. நீரிழிவின் விளிம்பில் நிற்பவர் இதைப் புறக்கணிக்கலாகாது. கருவுற்றவரோ மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் நிகோட்டின் சூயிங்கம் போன்ற பொருள்களின் அட்டைக் குறிப்புகளைத் தளர்த்தியபோது, குறித்த வாரங்களைக் கடந்தும் தேவைப்படுவோர் மருத்துவரிடம் பேசித் தொடரலாம் என்ற நிலையை எடுத்தது. நிறுத்த விரும்புவோர் ஒரேயடியாக விடாமல், நாளொன்றுக்கு மெல்லும் எண்ணிக்கையை வாரந்தோறும் குறைத்துவருவது எளிது.