குடிக்கவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார்

ஒரு கணவன் மோசமானவனா என்று பார்க்க மலையகத் தோட்டங்களில் நம்மிடம் இரண்டே கேள்விகள்தான்: குடிக்கிறானா, அடிக்கிறானா? இரண்டும் இல்லையென்றால் "தங்கமான மனுசன்" என்று முடித்துவிடுகிறோம். லயத்துச் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் காம்பராவுக்குச் சண்டைச் சத்தம் கேட்கும். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது யாருக்குக் கேட்கும்?

தன்னைப் பற்றிய மிதமிஞ்சிய எண்ணம், ஓயாத புகழ்ப்பசி, அடுத்தவர் வலியைக் கண்டுகொள்ளாத மனம் ஆகியவை சேர்ந்திருப்பதை உளவியலில் நார்சிசம் என்கிறார்கள். கொஞ்சம் எல்லோரிடமும் உண்டு. அதன் கடுமையான வடிவம் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. அதில் சொல்லப்படும் 9 அடையாளங்களில் 5 ஆவது இருக்க வேண்டும். அதையும் பயிற்சி பெற்றவர்தான் தீர்மானிக்க வேண்டும். யாருக்கும் நாமாக நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். நடத்தையைக் கவனிக்க மட்டும் டாக்டர் பட்டம் தேவையில்லை.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். கோயில் கமிட்டியில் முன்னுக்கு நிற்பவர், சாவு வீட்டுக்கு முதலில் ஓடுபவர். மனைவி மலையில் கொழுந்து எடுக்கிறார். அவருடைய வங்கி அட்டை கணவரின் பையில் இருக்கிறது.

"தங்கச்சி புள்ளைக்குச் சட்டை எடுக்கக் காசு தாரேன்னு போன கிழமை சொன்னீங்களே?"

"நான் எப்ப சொன்னேன்? ஒனக்கு வரவர மண்டையே சரியில்ல."

அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. சோற்றுத் தட்டு தொடப்படாமல் கிடக்கிறது. எது சொல்வதென்றாலும் பிள்ளை மூலம்தான். மூன்றாம் நாள், எந்தத் தப்பும் செய்யாத அவளே மன்னிப்புக் கேட்கிறாள். நான்காம் நாள் அவர் டவுனிலிருந்து சூடான ரோல்ஸ் வாங்கி வந்து, சிரித்துப் பேசுகிறார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

அந்த நான்காம் நாள்தான் கட்டிப்போடுகிறது. ஒவ்வொரு முறை நெம்புகோலை அழுத்தும்போதும் இரை கிடைத்துப் பழகிய எலி, இரை நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைத்துப் பழகியதோ நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான். பிறகு 1990களில் மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் சோதித்தபோது, எதிர்பாராமல் கிடைத்த பழச்சாற்றுக்கே மூளையில் ஆவலைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துள்ளின. வரும் என்று முன்பே தெரிந்த சாற்றுக்கு அப்படித் துள்ளவில்லை. டட்டன், பெயின்டர் என்ற உளவியலாளர்கள் 1981இல் இதே பாங்கை மனித உறவில் விளக்கினார்கள்: ஒருவர் கையில் அதிகாரம் குவிந்து, கொடுமையும் கனிவும் மாறிமாறி வரும்போது, பாதிக்கப்பட்டவரின் பிணைப்பு தளர்வதற்குப் பதில் இறுகுகிறது. "அவ்வளவு செஞ்சும் ஏன் விட்டுட்டுப் போகல?" என்று அவளைக் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அவளுடைய முட்டாள்தனம் அல்ல.

நாள்பட்ட மன அழுத்தம் தூக்கத்தையும் கவனத்தையும் கெடுக்கும், ஞாபகம் தடுமாறும். உடனே "நான் சொன்னது சரிதானே, இவ மறதிக்காரி" என்று அதுவும் அவருக்கே சாட்சியாகிவிடுகிறது. சொன்னதையும் நடந்ததையும் தேதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது இந்த இடத்தில் பெரிய உதவி.

கோபம் எல்லா வீட்டிலும் வரும். கோபம் தணிந்த பிறகு உங்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்கிறாரா, அல்லது ஒவ்வொரு முறையும் குற்றவாளியாக நீங்களே எழுந்து போகிறீர்களா என்று பாருங்கள். உங்களுக்கு நல்லது நடக்கும் நாளில் அவர் முகத்தையும் கவனியுங்கள்: மகள் பரீட்சையில் சித்தியடைந்தால் பேச்சு மகளைப் பற்றியா, அவர் பட்ட கஷ்டத்தைப் பற்றியா? மாமியார், மனைவி, வளர்ந்த மகன் என்று யாரிடமும் இந்த நடத்தை இருக்கலாம்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடற்காயத்தோடு, பாரதூரமான மனரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாகவே கொள்கிறது. அவருக்கு என்ன கோளாறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. என்ன செய்தார் என்பதே கேள்வி. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனநல ஆலோசனைக்கு 1926.