பேனிக் அட்டாக்: தமிழில் ‘பதைப்பு’

‘பேனிக் அட்டாக்’ என்ற சொல் அலுவலகங்களில் மலிந்துவிட்டது. மேலாளரிடமிருந்து ‘உடனே பேச வேண்டும்’ என்று ஒரு வரி வந்தால் அது பேனிக் அட்டாக். மாதக் கடைசியில் டார்கெட் எட்டாத கணக்கைப் பார்த்தால் அதுவும் பேனிக் அட்டாக். இந்த இரண்டுக்கும் தமிழில் ‘திக்கென்றது’, ‘அடிவயிற்றில் புளியைக் கரைத்தது’ என்று அருமையான தொடர்கள் உண்டு. மருத்துவர் அந்தச் சொல்லால் குறிப்பது வேறொன்று. திடீரென்று எழுந்து, சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொடும் கடுமையான அச்சம் அது. நெஞ்சு படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சு முட்டல், நெஞ்சுவலி, தலைசுற்றல், விரல்களில் மரமரப்பு, செத்துப்போவோமோ பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 13 அறிகுறிகளை அடுக்குகிறது. அவற்றில் குறைந்தது 4 சேர்ந்து வந்தால்தான் அந்தப் பெயர்.

‘பேனிக்’ என்ற சொல்லுக்குள் ஒரு கிரேக்கத் தெய்வம் இருக்கிறது. பெயர் பான். ஆட்டுக்கால், கொம்பு, கையில் குழல். ஆர்க்காடிய மலைகளில் இடையர்கள் வணங்கிய காட்டுத் தெய்வம். ஆள் அரவமற்ற இடத்தில் மந்தை திடீரென மிரண்டு ஓடினால் அது பானின் வேலை. மந்தையிடமிருந்து இந்தச் சொல் படைகளுக்கு வந்தது. கி.மு. 279இல் கிரேக்கக் கோயில் நகரமான டெல்ஃபியைக் கொள்ளையிட வந்த ‘கால்’ (Gaul) என்ற இனத்துப் படையினர், இரவில் கூடாரத்தில் குதிரைக் குளம்பொலி கேட்டதாக மருண்டு, ஒருவரை ஒருவர் எதிரி என்று எண்ணி வெட்டிக்கொண்டார்கள் என்று பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதுகிறார். காரணமில்லாமல் எழும் அச்சம் பானிடமிருந்து வருவது என்ற நம்பிக்கையையும் அந்த இடத்திலேயே குறிப்பிடுகிறார்.

ஆக, பிறப்பிலேயே இந்தச் சொல்லில் இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, காரணம் கண்ணுக்குத் தெரியாமை. மற்றொன்று, கூட்டம். இரண்டாவது கூறு பிற்பாடு உதிர்ந்துவிட்டது. இன்றைய பேனிக், நாற்பது பேர் அமர்ந்திருக்கும் தளத்தில் ஒருவருக்கு மட்டும் வருகிறது; பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிவதுகூட இல்லை.

மருத்துவத்துக்குள் இந்தச் சொல் தாமதமாகத்தான் நுழைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதயத்தில் பழுது எதுவும் இல்லாமலே நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கிய சிப்பாய்களைக் கவனித்த மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, 1871இல் அதற்கு ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று பெயர் வைத்தார். 1895இல் ஃப்ராய்டு அதைப் பதற்ற நோய்க்குள் வைத்து விளக்கினார். 1960களில் அமெரிக்க உளமருத்துவர் டொனால்டு க்ளைன், மனச்சோர்வு நோய்க்கான இமிப்ரமின் என்ற மருந்து இந்தத் திடீர் அச்சத்தை அடக்குவதையும், நாள் முழுதும் நீடிக்கும் பதற்றத்தை அவ்வளவாகத் தொடாததையும் கண்டார். இரண்டும் வேறு வேறு என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1980இல் வந்த, முன்பு சொன்ன அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு பேனிக் நோயைத் தனி நோயாகப் பதிந்தது.

பேனிக்கோடு சேர்ந்தே புழங்கும் மற்றொரு சொல்லான ‘ஆங்ஸைட்டி’ (பதற்றம்) லத்தீனின் ‘ஆங்கெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. நெரித்தல், இறுக்குதல் என்பது பொருள். இதயநோயாளிகள் அறிந்த ‘ஆஞ்சைனா’ என்ற நெஞ்சுவலியின் பெயரும் அதே குடும்பம். ‘மூச்சு முட்டுகிறது’, ‘தொண்டையை அடைக்கிறது’ என்று நம்மவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதையேதான்.

தமிழுக்கு வருவோம். அச்சத்துக்குச் சொற்பஞ்சம் நமக்கு என்றுமே இருந்ததில்லை. ‘பேம் நாம் உரும்’ மூன்றும் அச்சப் பொருள் தருவன என்கிறது தொல்காப்பிய உரியியல். ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்பதும் அங்கேயே. மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையென’. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் இணையாகத் தன் மேல் அதிகாரம் உள்ளவரை இலக்கணம் நிறுத்தியிருக்கிறது. அப்ரைசல் வாரத்தில் இதை மனிதவளத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கலாம்.

இன்றைய வழக்கில் ஆங்ஸைட்டிக்குப் ‘பதற்றம்’ நிலைபெற்றுவிட்டது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழியில் வேரூன்றிய சொல். செய்தித்தாள்கள் ‘எல்லையில் பதற்றம்’ என்று எழுதி அதைக் கொஞ்சம் தேய்த்துவிட்டன, ஆனாலும் தாங்கும். இலங்கைத் தமிழில் ‘பதகளிப்பு’ என்கிறார்கள், மருத்துவ எழுத்திலும் அது இடம் பிடித்திருக்கிறது. தவிப்பும் நிலைகொள்ளாமையும் ஒன்றாக ஒலிக்கும் அந்தச் சொல்லைத் தமிழ்நாடு எடுத்துக்கொண்டால் நட்டமில்லை.

பேனிக்குக்குப் ‘பீதி’, ‘திகில்’ என்ற இரண்டும் புழங்குகின்றன. பீதி வடசொல் என்பது எனக்குக் குறையில்லை. கொள்ளைநோய்க் காலத்திலும் பங்குச் சந்தைச் சரிவிலும் வரும் ஊர்ப் பயத்துக்கே அது பொருந்துகிறது என்பதுதான் குறை. திகில், பேய்க் கதைகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று.

சிக்கல் ‘அட்டாக்’கில் இருக்கிறது. ‘பீதித் தாக்குதல்’, ‘பதற்றத் தாக்குதல்’ என்று அப்படியே பெயர்த்துவிடுகிறார்கள். ‘ஹார்ட் அட்டாக்’கைத் தமிழ் இதயத் தாக்குதல் என்றா சொன்னது? மாரடைப்பு என்றது. இழுப்பு, வலிப்பு, பிடிப்பு, அடைப்பு என்று திடீரென வந்து போகும் உடல் நிலைகளுக்கெல்லாம் உடலில் என்ன நடக்கிறதோ அதையே பெயராக வைப்பது நம் மரபு. அந்த வரிசையில் ‘பதைப்பு’ இயல்பாகச் சேரும். பதைத்தல் என்றால் துடித்தல், நடுங்குதல். ‘நெஞ்சு பதைபதைக்கிறது’ என்று சொல்லாத வீடு கிடையாது. ‘நேற்றுக் கூட்டத்தில் எனக்குப் பதைப்பு வந்துவிட்டது’ என்றால் கேட்பவருக்கு அகராதி வேண்டாம். திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தால் அது ‘பதைப்பு நோய்’.

இதை வெறும் சொல்லாய்வுப் பிடிவாதமாகக் கொள்ள வேண்டாம். தாக்குதல் என்றால் தாக்க வந்த எதிரி ஒருவன் உண்டு, தப்பி ஓட வேண்டும் என்று மனம் எடுத்துக்கொள்ளும். இந்த நோய் வளர்வதே அந்த எண்ணத்தில்தான். 1986இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கம் இன்றும் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது: நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது, ‘மாரடைப்பு’ என்று மனம் தவறாகப் பொருள் கொள்கிறது, அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது. இதற்கிடையே மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓட, இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை கிறுகிறுப்பதும் விரல் மரப்பதும் அதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். பதைப்பின்போது இரத்த அழுத்தம் பொதுவாக ஏறுவதால் உண்மையில் மயங்கி விழுவது அரிது.

கூட்டத்தின் நடுவில் வந்தால் என்ன செய்வது? முடிந்தவரை அதே இருக்கையில் இருங்கள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்குங்கள். ‘இது பதைப்பு, உச்சம் தொட்டுத் தானே இறங்கும்’ என்று மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள். எழுந்து ஓடினால் அந்த நொடி இதமாக இருக்கும். ஆனால், ஓடியதால் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. பிறகு கதவோரம்தான் உட்கார்வது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் எங்கும் போகாதது, கடைசியில் கூட்டங்களையே தவிர்ப்பது என்று உலகம் சுருங்குகிறது. காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியத்தை இப்போது பரிந்துரைப்பதில்லை. வந்திருப்பது உண்மையான இதய நோயாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அது ஆபத்து.

அதே காரணத்தால், முதன்முறை நெஞ்சுவலியோடு வந்தால் சுயமாகப் பதைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். 108ஐ அழையுங்கள், ஈசிஜி பார்க்கட்டும். தைராய்டு மிகுந்தாலும் இப்படிப் படபடக்கும். இரவுப் பணியில் தூக்கத்தை விரட்டக் குடிக்கும் காபியும் தன் பங்கைச் செய்யும். சக ஊழியர் கொடுத்தார் என்று அல்ப்ரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை விழுங்குவது வேண்டவே வேண்டாம், அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழி மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குப் (CBT) பெரும்பாலோருக்கு நல்ல பலன் உண்டு. தேவையானால் மருத்துவர் வேறு மாத்திரைகள் தருவார்.

‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்’ என்கிறது குறள்; வருவதை முன்பே அறிந்து காத்துக்கொள்பவருக்கு நடுங்க வைக்கும் துன்பம் இல்லை என்பது பொருள். அறிவுடைமை அதிகாரத்தில் உள்ள இந்தக் குறளைத் தனி ஊழியருக்கு மட்டும் ஓதுவது நியாயமில்லை. நள்ளிரவில் அனுப்பும் செய்தி, காரணம் சொல்லாமல் வைக்கும் அவசரக் கூட்டம், எல்லோர் முன்னும் கடிந்துகொள்வது எல்லாம் மேலிடத்தில் இருப்பவர் எதிரதாக் காத்திருக்க வேண்டியவை. மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்திவிட்டு இவற்றையெல்லாம் அப்படியே தொடரும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பேனிக் அட்டாக் என்று சொல்ல வராதவர், நெஞ்சு பதைக்கிறது என்று தொடங்கினால் போதும்.