பிஐபி வந்த அன்றே பேப்பர் போடாதீர்கள்

பிஐபி, அதாவது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், கொடுத்துவிட்டார்கள் என்று ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "இப்பவே பேப்பர் போட்டுடலாமா?" மனிதவளத் துறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நெடுநாள் இருந்துவிட்டு, இப்போது இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பதில் பெரிதாக மாறியதில்லை. போடலாம், போடாமலும் இருக்கலாம், ஆனால் அந்த முடிவை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். அவமானத்தில் எழுதும் ராஜினாமா, நிர்வாகத்துக்குத்தான் வேலையை மிச்சப்படுத்துகிறது. வேலையை விட்டு அனுப்பும்போது தரும் பிரிவுத் தொகை பற்றிப் பேசும் வாய்ப்பும் அதோடு பெரும்பாலும் போய்விடும்.

செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்பது ஒரு தாள். உங்கள் வேலையில் இன்னின்ன குறை, இத்தனை நாளுக்குள் இன்னின்னதைச் செய்து காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று அதில் எழுதியிருக்கும். 30, 60, 90 நாள் என்று கெடு வைப்பது வழக்கம். தாள் ஒன்றுதான் என்றாலும், அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் ஆளுக்கு ஆள் வேறு. சில மேனேஜர்கள் உண்மையாகவே தூக்கிவிட நினைக்கிறார்கள், வாயால் சொல்லிப் பார்த்து நடக்காததால் எழுத்துக்கு வருகிறார்கள். சில இடங்களில் அனுப்புவதென்று முடிவு எடுத்தாயிற்று, நாளை கேள்வி வந்தால் காட்டுவதற்கு ஒரு கோப்பு வேண்டும். இன்னும் சில இடங்களில் ரேட்டிங் பங்கீடுதான் காரணம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் புகழ்பெறச் செய்த முறை அது: மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10. டீமில் எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் யாராவது ஒருவர் கீழ்க் கட்டத்துக்குள் போயாக வேண்டும்.

உங்களுடையது எந்த வகை என்பது இரண்டு மூன்று வாரத்தில் ஓரளவு தெரிந்துவிடும். வாராந்திர ரிவ்யூவுக்கு மேனேஜர் ஒழுங்காக உட்காருகிறாரா? பயிற்சி கேட்டால் ஏற்பாடு செய்கிறாரா? குறையைச் சம்பவத்தோடு சொல்கிறாரா? அப்படியானால் கதவு திறந்திருக்கிறது. ரிவ்யூ தள்ளிக்கொண்டே போகிறது, உங்கள் கையில் இருந்த வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள், அடுத்த காலாண்டுத் திட்டத்தில் உங்கள் பெயரே இல்லை என்றால், திட்டம் மேம்பாட்டுக்கு இல்லை.

முதல் மீட்டிங்கிலேயே வருவது கையெழுத்துச் சிக்கல். போடமாட்டேன் என்று மறுத்தால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. "ஊழியர் கையொப்பமிட மறுத்தார்" என்று ஹெச்ஆர் ஒரு வரி எழுதிக்கொண்டு நடையைக் கட்டுவார். பொதுவாக அந்தக் கையெழுத்துக்குப் பொருள் பெற்றுக்கொண்டேன் என்பதுதான். ஆனாலும் கையெழுத்துக்கு மேலே உள்ள வாசகத்தைப் படியுங்கள். "குறைகளை ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருந்தால், படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இல்லையென்றால், "படித்துப் பெற்றுக்கொண்டேன். என் கருத்தைத் தனியே எழுத்தில் தருகிறேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

அந்தக் கருத்தை எழுதும்போது பலர் ஐந்து பக்கம் எழுதிவிடுகிறார்கள். இரண்டு வருட ஆதங்கம் எல்லாம் அதில் இறங்கும். இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் கவனமாகப் படிப்பதில்லை. தேதி தவறா, அந்த வேலை உங்களுக்கு ஒதுக்கப்படவே இல்லையா, அந்த வாரம் அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தீர்களா, அதை மட்டும் ஆதாரத்தோடு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நீங்கள் ஏற்கெனவே ஒரு புகார் கொடுத்த பின், அல்லது மகப்பேறு, மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பிய கையோடு இந்தத் தாள் வந்திருக்கிறது என்றால், எதையும் எழுதுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அது வேறு வழக்கு.

இனி, தாளின் நடுப்பகுதி. எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்த திட்டத்தில் இலக்கு இப்படி இருந்தது: "பொறுப்புணர்வு கூட வேண்டும். டீமுடனான தொடர்பு மேம்பட வேண்டும்." இதை வைத்துக்கொண்டு 60 நாள் முடிவில் ஜெயித்தோமா தோற்றோமா என்று யாரால் சொல்ல முடியும்? மேனேஜரால் மட்டும்தான் முடியும், அதுவும் அன்றைய அவர் மனநிலையைப் பொறுத்து. என்னிடம் வந்தவரை மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். சண்டை தொனியே வேண்டாம், இரண்டே வரி: "தொடர்பு மேம்பட்டிருக்கிறது என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? குறையாகத் தெரிந்த ஒன்றிரண்டு சம்பவங்களைச் சொன்னால் சரிசெய்துகொள்ள எனக்கு உதவியாக இருக்கும்." பதில் வர நான்கு நாள் ஆனது. வந்தபோது இலக்கு மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் நிலை அறிக்கை. வேலை தாமதமாகும் என்று தெரிந்தால் கெடுவுக்கு முந்தைய நாளே தகவல். அவ்வளவுதான். "பொறுப்புணர்வு" என்ற அந்தப் பெரிய சொல்லுக்குப் பின்னால் இருந்தது, தாமதச் செய்தி தனக்குக் கடைசி நாளில்தான் தெரிகிறது என்ற மேனேஜரின் எரிச்சல் ஒன்றுதான். தன் குணத்தையே மாற்றச் சொல்கிறார்கள் என்று உடைந்துபோயிருந்த மனிதருக்கு, செய்யக்கூடிய காரியம் இரண்டு கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படிப் பதில் வராது. வராவிட்டாலும் கேட்ட மெயில் பதிவாக இருக்கும்.

இலக்கு எழுதுவதற்கு 'ஸ்மார்ட்' என்ற சூத்திரத்தை எல்லா அலுவலகத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1981-ல் ஜார்ஜ் டோரன் அதை எழுதியபோது, தெளிவாக இருக்கிறதா, அளக்க முடியுமா என்பதோடு, இதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதையும் ஒரு அங்கமாக வைத்திருந்தார். பின்னால் வந்த பயிற்சிகள் பலவற்றில் இது காணாமல் போனது. பிஐபி-யில் அதுதான் முக்கியம். வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண் உயர வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த மதிப்பெண் உங்கள் ஒருவர் கையில் இருக்கிறதா? மூன்று டீம் தொடுகிற வேலைக்கு நீங்கள் மட்டும் பதில் சொல்வதா? கேளுங்கள், எழுத்தில்.

அப்புறம், ஒவ்வொரு ரிவ்யூ முடிந்ததும் அன்றைக்கே ஒரு மெயில். "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: முதல் இலக்கு சரியான பாதையில் இருக்கிறது, இரண்டாவதில் சோதனை அறிக்கை இன்னும் விரிவாக வேண்டும். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்." இரண்டு நிமிட வேலைதான். 45-ஆம் நாள் "நான் எப்போது திருப்தி என்று சொன்னேன்?" என்று பேச்சு மாறும்போது இதுதான் துணைக்கு வரும். ஒரு எச்சரிக்கை: பயத்தில் அலுவலகக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். பிஐபி முடியும் வரை காத்திருக்காமல் உங்களை ஒரே நாளில் வெளியே அனுப்ப அது ஒன்றே போதும். எது எப்போது நடந்தது என்ற தேதிக் குறிப்புகளை உங்கள் சொந்த நோட்டில் கையால் எழுதிவையுங்கள்.

இத்தனையும் செய்ய மனம் ஒத்துழைக்க வேண்டுமே. அங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. 1998-ல் மன்சோனி, பார்சூ என்ற இரு மேலாண்மை ஆய்வாளர்கள் ஒரு சுழலை விவரித்தார்கள். இவர் சரியில்லை என்று மேலாளர் ஒருமுறை நினைத்துவிட்டால் கண்காணிப்பு கூடுகிறது. கண்காணிப்பு கூடக் கூட ஊழியர் தன்னம்பிக்கை இழந்து ஒதுங்குகிறார், கேட்க வேண்டியதையும் கேட்பதில்லை. அதைப் பார்த்து மேலாளர், பார்த்தாயா நான் நினைத்தது சரிதான் என்கிறார். பிஐபி இந்தச் சுழலை எழுத்தில் கொண்டுவந்து வேகமும் கூட்டிவிடுகிறது. அதனால்தான் ஒதுங்கத் தோன்றும் நேரத்தில் கேள்வி கேட்கச் சொல்கிறேன். ராத்திரி 12 வரை உட்காரத் தேவையில்லை. தூக்கம் கெட்டால் தவறு கூடும், தவறு கூடினால் அதுவும் தாளில் ஏறும்.

உள்ளே ஓடுவதைத் தாளில் இறக்குவது உதவும். வேலை இழந்த தொழில்முறைப் பணியாளர்களை வைத்து ஸ்பெரா, பெனிபேக்கர் குழுவினர் 1994-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலை போனதைப் பற்றிய தங்கள் எண்ணங்களையும் உணர்வுகளையும் மறைக்காமல் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிடச் சீக்கிரம் மறுவேலை கிடைத்தது. ஆத்திரம் எழுத்தில் வடிந்தபின் நேர்காணலில் அது குறைவாக எட்டிப்பார்க்கிறது என்பது என் ஊகம். அந்த எழுத்து மேனேஜருக்குப் போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கவலை. தினமும் எப்போதும்போல் கிளம்பி, எப்போதும்போல் திரும்பி, சாப்பாட்டு மேசையில் "ஆஃபீஸ் எப்படி?" என்றால் "ம்ம், நல்லா போகுது" என்பார்கள். இரண்டு மாதம் இப்படி நடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைப் பளுவைவிட அந்த நடிப்பு அவர்களை அதிகம் களைக்க வைத்திருந்தது. ஒருவரிடமாவது சொல்லுங்கள். நாள் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால், பிஐபி-யை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள்.

வேலை தேடுவதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். இது துரோகம் என்று தயங்குகிறவர்கள் உண்டு. உங்கள் இடத்துக்கு ஆள் தேட அந்தப் பக்கம் யாரும் தயங்குவதில்லை. நேர்காணலில் பிஐபி பற்றி நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, நேராகக் கேட்டால் பொய்யும் வேண்டாம். "அந்தப் பொறுப்பில் எதிர்பார்ப்பு மாறியது, இன்னின்னதைச் சரிசெய்தேன், என் பலம் இந்த வேலையில் அதிகம் பயன்படும்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பழைய மேனேஜரைத் திட்டிய நொடியில் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

திட்டத்தை முடித்துவிட்டவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "நல்லா பண்ணிட்டீங்க" என்று மேனேஜர் வாயால் சொன்னதோடு சந்தோஷமாக வெளியே வந்துவிடுகிறார்கள். திட்டம் வெற்றியாக முடிந்தது என்று ஹெச்ஆரிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாளின் கடைசிப் பகுதியையும் திரும்பப் படியுங்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் வேலை மறுபடி சறுக்கினால், புதிதாகத் திட்டம் கொடுக்காமலே நடவடிக்கை எடுக்கலாம் என்று பல நிறுவனங்கள் அங்கே ஒரு வரி சேர்த்திருக்கும். அப்படி இருந்தால், அந்த மாதங்கள் முடியும் வரை வாராந்திர மெயிலை நிறுத்தாதீர்கள்.