ஃபாசியோலியாசிஸ்: கல்லீரல் தட்டைப்புழு நோய்

குழந்தையின் பரிசோதனை அறிக்கையில் 'ஃபாசியோலா ஹெபாட்டிக்கா' என்று இருந்தால், ஹெப்படைட்டிஸ் என்று எண்ணிப் பதறுவது இயல்பு. இரண்டு பெயரிலும் கல்லீரலைக் குறிக்கும் 'ஹெபார்' என்ற கிரேக்க வேர் இருக்கிறது. ஆனால் ஹெப்படைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி, பெரும்பாலும் வைரஸால் வருவது. இங்கே சொல்லப்படுவது ஒரு புழு.

லத்தீனில் 'ஃபாசியா' என்றால் பட்டை, துணிக்கட்டு. 'ஃபாசியோலா' என்றால் சிறு பட்டை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் இந்தப் புழுவுக்கு வைத்த பெயர் அது. நோயைக் குறிக்கும் 'இயாசிஸ்' என்ற கிரேக்க விகுதியைச் சேர்த்தால் ஃபாசியோலியாசிஸ். இத்தகைய புழுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃப்ளூக்' என்ற பெயர் தட்டைமீனைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிறு பட்டை என்பதை அப்படியே எடுத்து 'நாடா' என்று வைக்க முடியாது. நாடாப்புழு என்ற பெயர் குடலில் நீளமாக வளரும் வேறொரு புழுவுக்கு நிலைத்துவிட்டது. ஃபாசியோலாவோ 2 முதல் 3 செ.மீ. நீளத்தில், சிற்றிலை போலத் தட்டையாக இருப்பது. ஆகவே 'தட்டைப்புழு' பொருத்தம். வெறும் 'ஈரல்' என்றாலும் போதாது. நுரையீரல், மண்ணீரல் எல்லாமே ஈரல்தானே. 'கல்லீரல் தட்டைப்புழு நோய்' என்று முழுதாகச் சொல்வதே சரி.

'வயிற்றுப் பூச்சி' என்று மட்டும் இதைச் சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னால் பூச்சி மாத்திரை கொடுத்தால் போதும் என்று தோன்றிவிடும். குடற்புழுவுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் இந்தப் புழுவுக்கு நம்பத்தக்க மருந்து அல்ல.

புழு கல்லீரலுக்குப் போகும் வழியும் விசித்திரமானது. ஆடு மாடுகளின் சாணத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிக்கும். குஞ்சு ஒரு நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வாலோடு வெளியே நீந்தி வந்து, நீர்ச்செடியின் இலையிலோ தண்டிலோ ஒட்டி, வாலை உதிர்த்துவிட்டுத் தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். அந்தக் கீரையைப் பச்சையாகத் தின்னும் குழந்தைக்கும், உறைப்புழு மிதக்கும் தண்ணீரைக் குடிக்கும் குழந்தைக்கும் தொற்றுகிறது. பொலிவியாவின் ஆண்டீஸ் மேட்டுநிலத்தில் இது மிகுதி. அங்கே குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

சிறுகுடலில் உறையை விட்டு வெளிவரும் குட்டிப்புழு, குடற்சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் இறங்கி, கல்லீரலின் மேலுறையைக் கிழித்து உள்ளே நுழையும். கல்லீரல் திசுவைத் தின்றுகொண்டே நகரும் இந்தக் காலத்தில்தான் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, கல்லீரல் வீக்கம், தோலில் தடிப்பு எல்லாம் வரும். இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் ஏறியிருக்கும். மூன்று நான்கு மாதங்களில் புழு பித்தநாளங்களை அடைந்து முதிர்ந்து முட்டையிடும். அப்புறம் பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வரலாம். குழந்தைகளுக்கு இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புழு முதிரும்வரை மலத்தில் முட்டை இருக்காது. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், தொடக்க நிலையில் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்போது, புழுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது உதவும். இதற்கு நேர்மாறாக, தொற்றுள்ள விலங்கின் கல்லீரலைத் தின்றவருக்கு நோயே இல்லாமல் மலத்தில் முட்டை தெரியலாம். சில நாள் ஈரலைத் தவிர்த்துவிட்டு மறுபடி சோதித்தால் உண்மை விளங்கும்.

இந்த நோய்க்குரிய மருந்து டிரைக்லாபெண்டசோல். உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. என்பது வழக்கமான அளவு. அமெரிக்காவில் 2019இல் 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதை அனுமதித்தார்கள். அதைவிடச் சிறிய குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு பல தட்டைப்புழுக்களைக் கொல்லும் பிராசிகுவாண்டல் இதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.