கவர்ல யாரோட மூஞ்சி இருக்குனு ஒரு தடவ ஜூம் பண்ணிப் பாருங்க

நிதி திரட்டுறதுக்காக வர்ற ஒரு போராட்ட இசை ஆல்பத்துக்கு கவர் கேட்டாங்க. மொத்தமும் ஒத்திகையே இல்லாம அப்பப்ப தோணுனத வாசிச்சது, பாட்டு வரி கிடையாது, தலைப்பும் கடைசி வரைக்கும் மாறிக்கிட்டே இருந்துச்சு. பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாதப்போ எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன், ஒரு போராட்ட போட்டோவ எடுத்தேன். புகை, கூட்டம், தூக்குன கைங்க. பார்த்தவுடனே ஓகே ஆயிடுச்சு.

ராத்திரி 3000-க்கு 3000 பிக்சல்ல போட்டு ஓரத்த சரி பண்ணலாம்னு ஜூம் பண்ணா, கீழ் மூலைல ஒரு பொண்ணு, கழுத்துல ஆபீஸ் ஐடி கார்டு, லோகோ வரைக்கும் தெளிவா தெரியுது. போன்ல பார்த்தப்போ அது வெறும் புள்ளி. போட்டோ எடுத்தவர்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சேன்னு நிம்மதியா இருந்தேன், ஆனா அவர் குடுத்தது அவரோட காப்பிரைட்டுக்கு, அந்தப் பொண்ணுக்கும் சேர்த்து அவர் எப்படி குடுப்பாரு?

பிளர் பண்ணா போதாதானு கேப்பீங்க. போதாதுங்க, பிளர், மொசைக் போட்ட முகத்தையும் கம்ப்யூட்டர் மேட்ச் பண்ணிக் கண்டுபிடிக்கும்னு ஆராய்ச்சில காட்டியாச்சு. கருப்ப முழுசா அடிச்சு லேயரெல்லாம் ஒண்ணாக்கிட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. கருப்புக் கட்டத்த தனி லேயரா விட்டு பிடிஎஃப் அனுப்புனா யார் வேணா அத நகத்திட்டுப் பார்த்துரலாம். ஃபைலுக்குள்ள எடுத்த நேரம், ஜிபிஎஸ் எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், அதையும் அழிச்சிருங்க.

சரி, போட்டோவப் பார்த்து வரைஞ்சுட்டா காப்பிரைட் தொல்லை இல்லையேன்னு நினைக்காதீங்க. 2008-ல அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி பண்ண ஒபாமா 'ஹோப்' போஸ்டர் ஏபி செய்தி நிறுவனத்தோட போட்டோல இருந்து வந்தது, கேஸாகி 2011-ல சமரசத்துல முடிஞ்சது.

இடையில நன்கொடைக்கு க்யூஆர் கோடு கவர்லயே வேணும்னாங்க. ஸ்ட்ரீமிங் கவர்ல க்யூஆர், வெப்சைட் முகவரி, விலை எதுவும் போட்டா திருப்பி அனுப்பிருவாங்க, அதெல்லாம் உள் அட்டைல வச்சுக்கலாம். 'வருமானம் முழுசும் நன்கொடைக்கே'ன்னு எழுதுறதையும் நிறுத்துனேன், ஆல்பம் விக்கிற பேண்ட்கேம்ப் வெப்சைட் டிஜிட்டல் விற்பனைல பொதுவா 15 சதவீதம் எடுக்குது, அதுக்கு மேல பேமெண்ட் கட்டணம் வேற. 'கழிவு போக மீதி'ன்னு போட்டோம்.

கடைசில அந்த போட்டோவ விட்டுட்டு, வாசிச்சவங்களயே நிக்க வச்சு கைய மட்டும் எடுத்தேன். டிரம்ஸ் வாசிக்கிறவரு கட்டைவிரல்ல பிளாஸ்டர், ரீடச் பண்ணி எடுத்துரவானு கேட்டதுக்கு, "இருக்கட்டும் பிரதர், நான்தான்னு தெரியட்டும்"னாரு.