தெஸ்திமோனியோ: சாட்சியமா, சான்றுரையா?

ஸ்பானிய அகராதியைப் புரட்டினால் 'தெஸ்திமோனியோ' என்பதற்குச் சாட்சியம் என்றுதான் பொருள். நீதிமன்றச் சொல். அதன் வேர் 'தெஸ்திஸ்' என்ற லத்தீன் சொல். பக்கத்தில் நின்ற மூன்றாமவர் என்பது அதன் அடிப்பொருளாம். அதாவது வழக்காடும் இருவரில் ஒருவர் அல்லர்.

லத்தீன் அமெரிக்க இலக்கியத்துக்குள் வந்ததும் இந்தச் சொல் தலைகீழாகிவிட்டது. இங்கே அடிபட்டவரே பேசுகிறார், எழுதத் தெரிந்த இன்னொருவர் கேட்டு எழுதுகிறார்.

கியூபாவில் அடிமையாகப் பிறந்து, காட்டுக்குத் தப்பியோடியவர் எஸ்தெபான் மொந்தெஹோ. நூறு வயதைத் தாண்டிய அவரிடம் 1963-இல் கதை கேட்கத் தொடங்கினார் கியூப எழுத்தாளரும் மானுடவியலாளருமான மிகெல் பார்னெத். 1966-இல் அது நூலானது. இதை நாவல் என்பதா, மானுடவியல் என்பதா? ஹவானாவின் காசா தெ லாஸ் அமெரிக்காஸ் என்ற பண்பாட்டு நிறுவனம் 1970-இல் தன் இலக்கியப் பரிசில் தெஸ்திமோனியோவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அப்புறம் இது ஓர் இலக்கிய வகையாகவே நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வாக்குமூலம்' என்றதும் காவல் நிலைய வாடை அடிக்கிறது. 'தன்வரலாறு' என்றால் கேட்டு எழுதியவர் காணாமல் போகிறார். பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று அழகான சொல் உண்டு. 'இந்திரனே சாலுங் கரி' என்கிறது குறள். ஆனால் இன்று கரி என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும்.

'சாட்சியம்' பலரும் எழுதுவதுதான். ஆனால் அந்த வடசொல்லுக்குள் 'அக்ஷி', அதாவது கண், இருக்கிறது. சிக்கலே அங்கேதான். குவாத்தமாலாவின் மாயா பழங்குடிப் பெண் ரிகோபெர்த்தா மெஞ்சு 1982-இல் பாரிஸில் மானுடவியலாளர் எலிசபெத் புர்கோஸிடம் சொன்ன கதை அடுத்த ஆண்டு நூலாக வந்தது. தன் கதை தன் மக்கள் எல்லோருடைய கதையும்தான் என்று தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். 1992-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1999-இல் டேவிட் ஸ்டோல் என்ற மானுடவியலாளர், மெஞ்சு நேரில் கண்டதாகச் சொன்ன சிலவற்றை அவர் கண்டிருக்க முடியாது என்று எழுத, பெரும் சர்ச்சை வெடித்தது. மெஞ்சுவின் குடும்பத்தினரை ராணுவம் கொன்றது பொய்யில்லை. கண்ணால் கண்டது மட்டுமே செல்லும் என்பது நீதிமன்ற அளவுகோல். ஊருக்காகப் பேசும் ஒருத்தியை அதை வைத்தே அளப்பது சரியாகப் படவில்லை.

அதனால் என் தேர்வு 'சான்றுரை'. உரை என்றால் பேச்சு, வாய் திறந்து சொல்வது. நீதிமன்றத்துக்குச் சாட்சியமே இருக்கட்டும். இந்த வகை நூல்களைப் பற்றி எழுதும்போது சான்றுரை என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் தெஸ்திமோனியோ என்று சேர்த்துவிட்டால் போதும்.