சிறைச் செவிலியர் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள்

“சர்க்கரை நோய் உண்டா?” இல்லை. “வலிப்பு வந்ததுண்டா?” இல்லை. “தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” இல்லை. “குடிப்பழக்கம்?” இல்லை. “உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?” அதற்கும் இல்லை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இப்படிப் பதில் சொன்ன தமிழர் ஒருவர், ஞாயிறு காலையில் அறைக்குள் வலிப்பு வந்து விழுந்தார். தலை சிமென்ட் தரையில் மோதியது. பிழைத்துக்கொண்டார். பல ஆண்டுகளாக அவர் தினமும் குடிப்பவர் என்பது மருத்துவமனைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மனைவிக்கு முன்பே தெரியும். சனிக்கிழமை அந்த மனைவி சிறைக்குப் பலமுறை போன் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஜாமீனைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறார்.

இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சிறையில் டிடென்ஷன் ஆபீசராக, அதாவது சிறைக்காவலராக இருக்கிறேன். இந்த மாநிலத்தில் 254 கவுண்ட்டிகள். பெரும்பாலானவற்றில் ஷெரிஃப் எனப்படும் கவுண்ட்டிக் காவல் தலைவரின் பொறுப்பில் ஒரு சிறை உண்டு. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். ஜாமீனுக்கோ விசாரணைக்கோ காத்திருப்பவர்கள். நான் யாரையும் கைது செய்வதில்லை, வழக்கு விசாரிப்பதும் இல்லை. தலை எண்ணுவது, கதவு திறந்து பூட்டுவது, சாப்பாடு கொடுப்பது, உள்ளே இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது, இவைதான் என் வேலை.

நம் மக்கள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்வதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. “வழக்கறிஞர் வரும்வரை வாயைத் திறக்காதே” என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது நல்ல அறிவுரைதான், ஆனால் வழக்கைப் பற்றி மட்டும். எங்கே போனீர்கள், யாருடன் இருந்தீர்கள், என்ன நடந்தது என்பதையெல்லாம் வழக்கறிஞருக்காக வைத்திருங்கள். அதில் உங்களுக்கு முழு உரிமை உண்டு. உடம்பைப் பற்றிய கேள்வி அதில் சேராது. செவிலியர் இந்தக் கேள்விகளைக் கேட்டு நிரப்பும் சேர்க்கைப் படிவம் உங்களை எந்த அறையில் வைப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, என்ன மருந்து தருவது என்று முடிவு செய்வதற்காக நிரப்பப்படுவது. “எனக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் உண்டு, நிறுத்தினால் கை நடுங்கும்” என்று சொல்லலாம். அன்று இரவு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

அடுத்தது விசா பயம். சர்க்கரை, இரத்த அழுத்தம், மன அழுத்தத்துக்கு மாத்திரை என்று சொன்னால் விசாவுக்கு ஆபத்து வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். கைதாகி உள்ளே வந்ததும் கைரேகை எடுக்கிறோம். அது மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கும் அங்கிருந்து குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. கைதான செய்தி அந்த வழியில் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் இன்சுலின் போடுவதை மறைப்பதால் விசா விஷயத்தில் எந்த லாபமும் இல்லை. உடம்புக்கு மட்டும்தான் நஷ்டம்.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டுச் சட்டென்று விட்டாலும் வலிப்பு வரலாம். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். குடும்பம் முழுவதும் ஜாமீனை நினைத்து ஓடும் அதே இரண்டு நாட்கள்தான் உடம்புக்கும் மோசமான நாட்கள். சர்க்கரை இறங்கியவர் பேச்சுக் குழறி, தள்ளாடி, குடித்தவரைப் போலவே தெரிவார். முன்கூட்டித் தெரியாவிட்டால் அனுபவமுள்ள காவலரும் “போதை தெளியட்டும்” என்று விட்டுவிடக்கூடும்.

எங்கள் கண் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாநிலச் சிறைத் தர ஆணைய விதிப்படி 48 பேருக்கு ஒரு காவலர் இருந்தால் போதும். நேரில் பார்ப்பது குறைந்தது 60 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆபத்து உள்ளவர் என்று தெரிந்தால் அது 30 நிமிடம். எந்தக் கணக்கில் நீங்கள் வருகிறீர்கள் என்பதற்கு உங்கள் பதில்தான் ஆதாரம்.

எங்கள் பக்கத்திலும் குற்றம் உண்டு. 2015 ஜூலையில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண் சாலையில் நிறுத்தப்பட்டுக் கைதாகி, மூன்றே நாளில் வாலர் கவுண்ட்டி சிறையில் இறந்து கிடந்தார். முன்பு தற்கொலைக்கு முயன்றாரா என்ற கேள்விக்குச் சேர்க்கைப் படிவங்களில் முரண்பட்ட பதில்கள் இருந்தன. அதைப் பார்த்து யாராவது விழித்திருக்க வேண்டும். 2017இல் அவர் பெயரிலேயே டெக்சஸில் சட்டம் வந்தது. அதன் பிறகு வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அந்தப் படிவத்தை அவசரமாக நிரப்பாதே என்று சொல்லித் தருகிறோம். ஆனால் எதிரில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் பயிற்சி என்ன செய்யும்?

தற்கொலை எண்ணம் உண்டு என்று சொன்னால் வசதியாக வைத்திருப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். உடைகளை வாங்கிக்கொண்டு கிழிக்க முடியாத தடித்த அங்கியைத் தருவோம், விளக்கை அணைக்க மாட்டோம், அடிக்கடி வந்து பார்ப்போம். கூச்சமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள். இந்நாட்டுக் கவுண்ட்டி சிறைகளில் நேரும் மரணங்களுக்குத் தனியொரு காரணமாக முதலிடத்தில் இருப்பது தற்கொலை. முதன்முறை கைதாகி அவமானத்தில் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கும் படித்த, குடும்பஸ்தரைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

இனி வெளியே இருப்பவர்களுக்கு. சிறைக்குப் போன் செய்தால் ஜாமீனைக் கேட்பதற்கு முன் மருத்துவப் பிரிவைக் கேளுங்கள். கைதானவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, நோய், மருந்து, அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மருந்துக்கடையின் எண், இவற்றைச் சொல்லுங்கள். “தகவல் தர முடியாது” என்று செவிலியர் சொன்னால் போனை வைத்துவிடாதீர்கள். அவர் உங்களிடம் சொல்லத்தான் தடை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை. யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள். சென்னையிலிருந்து வந்த மருந்தென்றால் அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைப் படியுங்கள். ‘எப்டாயின்’ என்றால் இங்கே யாருக்கும் புரியாது, ‘ஃபெனிடோயின்’ என்றால் உடனே புரியும். மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்காதீர்கள். பிரித்த மருந்தை வாங்க மாட்டோம்.

உள்ளிருந்து கைதானவர் பேசும் போன் பதிவாகும். தமிழில் பேசினாலும் பதிவுதான், மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்கள். எனவே வழக்கைப் பற்றிப் பேசாமல், “மாத்திரை கொடுத்தார்களா? செவிலியரிடம் சொன்னாயா?” என்று கேளுங்கள்.

இந்தியக் குடிமகன் கைதானால் தூதரகத்துக்குத் தானாகத் தகவல் போகாது, அவர் கேட்டால்தான் சொல்வோம். மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கேட்காமலே சொல்ல வேண்டும் என்பது விதி.

கடைசியாக ஒன்று. உள்ளே வந்ததும் செல்போனை வாங்கி உறையில் போட்டுப் பூட்டிவிடுவோம். அதற்குப் பிறகு “மனைவியின் எண் போனில்தான் இருக்கிறது” என்று நிற்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஓர் எண்ணையாவது இன்றே மனப்பாடம் செய்யுங்கள். மருந்துகளின் பெயரைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.